டைல்ஸ் பார்ப்பவர் மனைவியைப் பார்த்தபோது

"என்ன, என் மூஞ்சில ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

டைல்ஸ் பரிசோதகரான கணவர் திடுக்கிட்டுச் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கண்ணுக்கு எதிரே எந்த வரி இருந்ததோ அதைப் படித்து வைத்தார்.

"ஒண்ணும் இல்லையே. யாரோ ஒருத்தர் வீட்டு நாயைக் காணோமாம்."

"அதை என் மூஞ்சில ஏன் தேடறீங்க?"

அவர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். புறங்கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடுகிறவள், அன்றைக்கு வெகுநேரம் திரும்பி வரவில்லை.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்த புண்ணியம் மகளுக்கு.

மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பரீட்சை வந்துவிட்டால் வீடு முழுக்க நடந்துகொண்டே சத்தம் போட்டுப் படிப்பாள். சமையலறையில் ஒரு பாரா, மொட்டை மாடியில் ஒரு பாரா. முந்தின வாரம் அவள் படித்தது, ரொமான்டிக் கவிஞர்கள் தாங்கள் வியந்த பெண்ணை எப்படிப் பாடினார்கள் என்கிற பாடம்.

"அவங்க மூக்கும் முழியுமா இருந்தாள்னு வர்ணிச்சுட்டுப் போகலைப்பா," என்று அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினாள். "அழகு தோலோட முடியற சமாச்சாரம் இல்லை. உள்ள இருக்கற மனசுதான் முகத்துல வெளிச்சமா வந்து நிக்குதுன்னு பாடினாங்க. முதல்ல பார்க்கறப்போ ஏதோ கனவு மாதிரி தெரிவா. பழகப் பழகத்தான் அவளும் மனுஷின்னு தெரியும். மனுஷின்னு தெரிஞ்ச பிறகும் அந்த வெளிச்சம் குறையறது இல்லை. அங்கதான் கவிதையே இருக்கு."

பரிசோதகர் தலையாட்டினார். மகள் சும்மா இருந்திருக்கலாம். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, அப்பா உன்னைப் பத்தி எப்பவாவது இந்த மாதிரி ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டுவிட்டாள்.

"சொல்லாம என்ன? முதல் தடவை பார்த்தப்போ 'பரவாயில்லை'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் அதை மாத்திக்கலை."

அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பரிசோதகரும் சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் எங்கேயோ சுருக்கென்று தைத்தது.

அவர் வேலை அப்படி. டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். கண் கூசும் விளக்குகளுக்குக் கீழே டைல்ஸ் வரிசையாக நகர்ந்து வரும். மூலை உடைந்திருக்கிறதா, நிறம் ஒன்றுபோல இருக்கிறதா, பளபளப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் கையில் எடுத்து ஒரு சின்னக் கட்டையால் தட்டிக் காதில் வாங்குவார். கணீரென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல், வெளியே தெரியாது. உடனே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

பாதி வாழ்நாளைக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கிக் கழித்துவிட்டார். குறையே இல்லாத டைல்ஸ் வந்தால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான். மனைவி விஷயத்திலும் அப்படித்தான் இத்தனை வருஷம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். அது பாராட்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்த நாள். அதற்குள் ஒரு கவிதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். எழுத வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். அதனால்தான் பார்த்தார்.

மறுநாள் தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில், கழித்துப் போட்ட ஒரு டைல்ஸை மடியில் வைத்துக்கொண்டு சாக்பீஸால் எழுதினார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். சூளை மேஸ்திரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார்.

"மேற்பரப்பு வழவழப்பு. ஓரங்கள் ஒழுங்கு. இடது கன்னத்தில் ஒரு புள்ளி. வலது கன்னத்தோடு ஒப்பிட்டால் லேசான நிற வேறுபாடு... என்ன சார் இது, யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்காங்களா?"

"என் வீட்டுக்காரியைப் பத்தின கவிதை," என்று ஆரம்பித்து, மகள் நடத்திய பாடத்தையும் சொன்னார் பரிசோதகர்.

மேஸ்திரி டைல்ஸை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். "எழுதினது எழுதிட்டீங்க. டைல்ஸோட வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க சார். அவங்க திருப்பி வீசினா மண்டை பிளந்துடும்."

"பின்னே எப்படித்தான்யா எழுதறது?"

"மேலாப்புல பார்த்தா இப்படித்தான் வரும். உங்க பொண்ணு என்ன சொல்லிச்சு? உள்ள பார்க்கணும்னு சொல்லிச்சு இல்ல? போய்க் கேளுங்க. மனசுல என்ன இருக்குன்னு வாயைத் திறந்து கேட்டாத்தானே தெரியும்?"

நியாயமாகத்தான் பட்டது.

மனைவிக்கு வாயைத் திறக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதி அவளிடம் திட்டு வாங்கி ஓடக் கற்றவை. அவள் "பிரேக்!" என்றால் பக்கத்துத் தெருவில் நடந்து போகிறவன்கூட நின்றுவிடுவான். சிரித்தாலும் அதே சத்தம்தான்.

அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம் அடுப்படியில் சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று பரிசோதகர் கதவோரம் போய் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"உள்ள என்ன இருக்கு?"

மனைவியின் கையிலிருந்த கரண்டி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

"உள்ள என்ன இருக்குன்னா?" என்றாள்.

"உனக்குள்ள. வெளில பார்த்தா ஒண்ணும் தெரியலை. ஆனா உள்ள ஏதோ இருக்கு. எனக்குத் தெரியும்."

"ஒண்ணும் இல்லை."

"இருக்கு. எத்தனை டைல்ஸ் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதா? நீயா சொன்னா நல்லா இருக்கும்."

மனைவி அடுப்பை அணைத்தாள். அவரைத் தாண்டிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பரிசோதகர் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார். டைல்ஸ் பேச்சை எடுத்திருக்கக் கூடாது என்று தோன்றியது. எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்?

சரி, தொழிலை விட்டுவிடுவோம், அந்தக் கவிஞர்கள் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்ப்போம் என்று, மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசல் வரைக்கும் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் கண்ணு..."

"என் கண்ணுக்கு என்ன?"

"இருட்டுல நட்சத்திரம் மாதிரி இருக்கு."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பட்டப்பகலில் அந்த நட்சத்திரங்களில் தண்ணீர் தளும்பிக்கொண்டு வந்தது.

"இப்படியெல்லாம் பேசாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்? இங்க கொடு, அந்தப் பையை நான் தூக்கிட்டு வரேன்."

"வேண்டாங்க. இப்பவே என்னை உக்கார வச்சுடாதீங்க." பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

வயசாகிவிட்டது என்று குத்திக்காட்டியதாக நினைத்துவிட்டாளோ? பரிசோதகர் வாசலிலேயே நின்று மண்டையைச் சொறிந்தார்.

மத்தியானம் மைத்துனர் போன் செய்தார். மனைவியின் தம்பி, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற லாரி வைத்திருப்பவர். பீரோவைத் தூக்கச் சொல்கிற அதே குரலில்தான் போனிலும் பேசுவார்.

"மாமா! அக்கா அழுதா. என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா. என்னவாம்?"

"நீங்க அவகிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கறீங்களாம்."

"அதுக்கா அழுதா?"

"பின்னே அழ மாட்டாளா? மாமா, ஆம்பளை திடீர்னு நல்லவனாகறதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வெளில வேற யாரோ இருக்கணும். நீங்க அதுக்கெல்லாம் ஆள் இல்லை."

"ரொம்ப சந்தோஷம்."

"இன்னொண்ணு, உடம்புக்கு ஏதாவது பெருசா வந்திருக்கணும். அக்கா பேச்சுல ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை வந்துது. கேட்டா மழுப்பிட்டா. உங்களுக்கு என்னவோ ஏதோன்னு பயந்து போயிருக்கா. நிஜத்தைச் சொல்லுங்க மாமா, உடம்புக்கு ஏதாவதா?"

பரிசோதகருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கண்ணீர், பயம், குளியலறைக் குழாய்! பாவம், தன் கணவன் சாகப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைப்பா. கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்போ பழையபடி இருந்து காட்டுங்க மாமா. அக்கா தன்னால சரியாயிடுவா."

கவிதையைச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே வம்பு தீர்ந்திருக்கும். ஆனால் பிறந்த நாள் பரிசை முன்கூட்டியே உடைக்க மனசு வரவில்லை. அதைவிட முக்கியமான காரணம், உடைப்பதற்குக் கையில் கவிதையே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பழையபடி இருந்து காட்டினார்.

"குழம்புல உப்பு கம்மி. அப்பளம் ஓரத்துல கருகியிருக்கு. இந்தத் தட்டு ஏன் வளைஞ்சிருக்கு?"

மகள், "அப்பா, தட்டு எப்பவுமே அப்படித்தான் இருக்கு," என்றாள்.

"எப்பவுமே வளைஞ்சிருந்தா அது சரியாயிடுமா?"

இந்தத் தடவை மனைவி அழவில்லை. பரிசோதகர் தெம்பாக நிமிர்ந்து பார்த்தார். அவள் கன்னத்தில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பாசமான பார்வையைக் கல்யாணமான புதிதில்கூட அவர் பார்த்ததில்லை.

மகள் கை கழுவ எழுந்து போனதும், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எனக்காகத்தானே வழக்கம்போல இருக்கற மாதிரி நடிக்கறீங்க?"

அப்பளம் அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

"இல்லை... நான்... உப்பு நிஜமாவே..."

"தெரியுங்க." அவர் முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். "நான் உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். நீங்க எனக்குத் தெரிய வேண்டாம்னு நினைக்கறீங்க. நல்ல ஜோடி."

தமக்கு வந்த வியாதியைத் தாம் மறைப்பதாக அவள் நினைக்கிறாள் என்று அவர் அர்த்தம் செய்துகொண்டார். இல்லாத வியாதியை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? நன்றாக இருக்கிறேன் என்றால் மறைக்கிறான் என்பாள். இருமினால் கேட்கவே வேண்டாம். ஒரே வழி, சீக்கிரம் கவிதையை முடிப்பதுதான்.

வீட்டில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அவளுடைய உலகத்திலேயே போய்ப் பார்த்தால்தான் அந்த 'உள்ளே இருக்கிறது' பிடிபடும் என்று, அரை நாள் லீவு போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூல் கார் வழக்கமாகப் பழகுகிற காலி மைதானத்துக்குப் போனார். ஓரமாக ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

அன்றைக்குக் கார் பழக வந்தவர் ஒரு பல் டாக்டர். ஊரே அவர் நாற்காலியில் உட்காரப் பயப்படும். அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். கார் ஒரு தடவை குதித்தது, நின்றது. மறுபடி குதித்தது, நின்றது.

"என்னால முடியாது மேடம். நான் ஆட்டோலயே போய்க்கறேன்."

ஜன்னல் திறந்திருந்தது. மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"கையை எடுத்து மடியில வைங்க டாக்டர். மூச்சை விடுங்க. பயம் வரத்தான் செய்யும், வரட்டும். பயத்தோடயே ஓட்டுவோம். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்."

பல் டாக்டர் மூச்சை விட்டார். கையை மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தார். நடுக்கம் நின்றிருந்தது. கார் குலுங்காமல், நல்ல பிள்ளையாக நகர்ந்தது. அவளுடைய முகம் சாயங்கால வெளிச்சத்தில் முன் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நெற்றியில் வியர்வை, கலைந்த முடி, கன்னத்தில் அதே புள்ளி. பரிசோதகர் தம்மை மறந்தார். லாரியையும் மறந்தார். இரண்டடி முன்னால் வந்து, மைதானத்தின் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பல் டாக்டர் அவரைப் பார்த்ததும் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

மனைவியின் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். கார் அவர் முழங்காலைத் தொட்டும் தொடாமலும் கிறீச்சென்று நின்றது. மனைவி இறங்கி ஓடி வந்தாள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"வேலை நேரத்துலயா? லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா?"

"உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு."

அது சத்தியமான வார்த்தை. அதனால்தானோ என்னவோ, அவளால் அதற்கு மேல் அதட்ட முடியவில்லை. காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டாள். பல் டாக்டர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க பாருங்க," என்றாள் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க இப்படி என் பின்னாலயே சுத்தினா எனக்கு இருக்கற கொஞ்ச நஞ்ச தைரியமும் போயிடும். சனிக்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போயிடலாம்னுதான் இருந்தேன். இனிமே எதுக்கு மறைச்சுக்கிட்டு? நீங்களும் வாங்க."

தனியாகப் போய், புருஷனுடைய வியாதியைப் பற்றி டாக்டரிடம் ரகசியமாகக் கேட்க நினைத்திருக்கிறாள்! பரிசோதகருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வரேன். எங்க வேணா வரேன்," என்றார்.

சனிக்கிழமைக்குள் கவிதை வந்துவிட்டது. தேடிப் பிடித்து எழுதவில்லை. விளக்குக்குக் கீழே டைல்ஸ் நகர்ந்து போக, ஒவ்வொரு வரியாகத் தானாக வந்து நின்றது. காகிதத்தில் எழுதக்கூட இல்லை. மனசிலேயே தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற கூடம் நிரம்பி வழிந்தது. மனைவி கவுன்டரில் போய்ப் பேசிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிசோதகர் ரத்தம் எடுக்கத் தோதாகச் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு தயாராக இருந்தார். அவர் வயிறு ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு உறுமல் உறுமியது.

"நீங்க காலைல சாப்பிடலையா?"

"வெறும் வயித்தோடதானே வரணும்?"

"எனக்காகவா சாப்பிடாம வந்தீங்க?"

"பின்னே வேற யாருக்காக?"

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. அவள் விரல்கள் நடுங்குவதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். ஊரில் பாதிப் பேரின் நடுக்கத்தை நிறுத்திய விரல்கள்.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பிறந்த நாளாவது ஒன்றாவது.

"இந்தா, என்னைப் பாரு. நான் ஒண்ணு சொல்லணும். உன் பிறந்த நாளுக்குன்னு வச்சிருந்தேன். நான் ஒரு கவிதை பண்ணியிருக்கேன்."

"என்னது?"

"கவிதை. உன்னைப் பத்தி. அதுக்குத்தான் இந்த வாரம் பூரா உன்னை முறைச்சு முறைச்சுப் பார்த்தேன். குறுக்கே பேசாதே, மறந்துடுவேன்."

கண்ணை மூடிக்கொண்டு, டைல்ஸ் கணக்கு ஒப்பிக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"குறை பார்ப்பது என் தொழில்.
விளக்குக்குக் கீழே வைத்துத்தான்
எதையும் பார்ப்பேன்.
உன்னை வைத்துப் பார்த்தேன்,
விளக்கு மங்கிவிட்டது.

நிலவு என்று எழுதி அழித்தேன்.
நிலவுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தெரியாது.
கனவு என்று எழுதி அழித்தேன்.
விடிந்தால் கனவு போய்விடும்,
விடிந்தால் நீ என்னை எழுப்புகிறாய்.

கை நடுங்கி வருகிறவர்களிடம் எல்லாம்
'ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்' என்கிறாய்.
நடுக்கம் நிற்கிறது.
அழகு எது என்று யாராவது கேட்டால்
அந்த இடத்தைக் காட்டுவேன்.

எல்லோருக்கும் சொல்கிற உனக்கு
அதை யார் சொல்வது?
நான் சொல்கிறேன்.
ஒன்றும் ஆகாது.
நான் இருக்கிறேன்."

கண்ணைத் திறந்தார். கூடத்தில் இருமல்கூட நின்றுபோயிருந்தது. எதிரே கையில் கட்டுப் போட்டிருந்த ஒருவர், கை தட்ட முடியாமல் தொடையைத் தட்டினார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தான் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டது?"

"இதுக்குத்தான். உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டேன்."

"நட்சத்திரம், பை தூக்கறேன்னது, லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சது..."

"எல்லாம் இதுக்குத்தான். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. நீதான் என்னமோ ஏதோன்னு பயந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டே."

மனைவி சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்தப் பழைய, தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். கவிதைக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று பரிசோதகர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சரி, எழுந்திரு. வீட்டுக்குப் போகலாம். பசி கொல்லுது."

"இருங்க." அவள் அவர் கையை விடவில்லை. அந்தப் பிடியில் நடுக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க. அந்தக் கடைசி வரி மட்டும்."

"இங்கயேவா? எல்லாரும் பார்க்கறாங்க."

"பரவாயில்லை. சொல்லுங்க."

பரிசோதகர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்."

அப்போது உள்ளே இருந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள், மனைவியைக் கண்டதும் முகம் மலர நேராக அவர்களிடம் வந்தாள்.

"ஏம்மா, 'வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு அன்னைக்கு அவ்வளவு அழுதுட்டு, இன்னைக்கு உங்க அண்ணனைத் துணைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? போகட்டும், இனிமே அவர்கிட்டயும் தாராளமாச் சொல்லிடுங்க, டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு, உங்களுக்கு இருக்கற அந்தக் கட்டி வெறும் கொழுப்புக் கட்டிதானாம், பயப்பட ஒண்ணுமே இல்லை!"